பொம்மை ரெயிலுக்கு ஒரு பத்திரிகை

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டனர். "வழக்கம்போல் ஏதேனும் வரலாறு எழுதுங்கள்" என்பது அவர்கள் இட்ட கட்டளை. வழக்கம்போல் என்பதன் பொருளை அன்பர்கள் அறிவர். மூவேந்தரைப் பற்றியும், கோலாரை ஆண்ட கங்கரைப் பற்றியும் எழுதக் கற்றறிந்த பெரியோர் நம்மிடையே உளர். நாமோ பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தவர். கல்வெட்டைப் படிக்க நமக்குத் தெரியாது. பார்சல் வே பில்லைப் படிக்கத் தெரியும். ஆதலின் நமக்குத் தெரிந்த துறையை ஒட்டியே ஒரு வரலாறு சொல்லத் துணிந்தோம். அது பொம்மை ரெயில்களுக்கென்றே நடைபெற்று வரும் பத்திரிகைகளின் வரலாறு.

பொம்மை ரெயிலுக்குக்கூடவா பத்திரிகை என்று சிலர் நகைக்கக்கூடும். நம் இல்லத்தாரே முதலில் நகைத்தார். ஆயினும் அமெரிக்காவில் அத்தகைய பத்திரிகை ஒன்று 1934ஆம் ஆண்டு முதல் வந்துகொண்டிருக்கிறது. அன்று தொடங்கிய பெரிய பெரிய பத்திரிகைகள் எத்தனையோ மறைந்தொழிந்தன. சிறுவர் விளையாட்டென்று நாம் ஒதுக்கும் ஒரு பொருளைப் பற்றிய ஏடு இத்தனை ஆண்டு நிலைத்திருக்கிறது என்றால், அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்?

நமக்கு இந்த ஈடுபாடு வந்த கதையை முதலில் சொல்லிவிடுவோம். 1991ஆம் ஆண்டு, நமக்கு வயது பதினொன்று. பள்ளி திறக்கும் நாளில் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போடுவதற்காக, இராபர்ட்சன்பேட்டையில் ஒரு பழைய பேப்பர் கடையில் தாள் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அந்தக் குவியலில் மேலட்டை இல்லாத ஆங்கில இதழ் ஒன்று கிடைத்தது. எந்தப் பங்களாவிலிருந்து எந்தக் காலத்தில் வெளியேறிய இதழோ, அறியோம். உள்ளே விரித்தால், ஒரு சிறு ஸ்டேஷன்! பிளாட்பாரம், சிக்னல் அறை, தண்ணீர்த் தொட்டி, நிலக்கரி மேடை யாவும் கோடு கோடாய் வரையப்பட்டு, ஒவ்வொன்றின் நீள அகலமும் அருகே குறிக்கப்பட்டிருந்தன. ஆங்கிலம் அப்போது நமக்கு அரைகுறை. ஆனால் அளவுக்கு மொழி ஏது? ஐம்பது காசு கொடுத்து வாங்கி வந்தோம். அந்த இதழைக் கொண்டு எந்தப் புத்தகத்துக்கும் அட்டை போடவில்லை. அது 'ரெயில்வே மாடலர்' என்னும் இங்கிலாந்துப் பத்திரிகை என்பதைப் பின்னர் ஒரு பெரியவர் சொல்லித் தெரிந்துகொண்டோம்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

இங்கிலாந்தில் 1898ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பெர்சிவல் மார்ஷல் என்பார் 'மாடல் எஞ்சினியர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பட்டறைத் தொழிலாளரும், ஓய்வு நேரத்தில் கடைசல் பிடிக்கும் ஆர்வலரும் தம் கையாலேயே சிறு நீராவி எஞ்சின்களைச் செய்துகொள்ள வழிகாட்டுவது அதன் நோக்கம். 1909இல் ஹென்றி கிரீன்லி என்னும் பொறியாளர், பொம்மை ரெயில்களுக்கென்றே தனியாக ஓர் இதழை வெளிக்கொணர்ந்தார். நார்த்தாம்ப்டன் நகரில் சிறு எஞ்சின்கள் விற்றுப் புகழ் பெற்ற பாசெட்-லோக் என்பவர் அவருக்குத் துணை. லிவர்ப்பூலில் திருகாணியும் துளைத்தகடும் கொண்டு மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டுபிடித்த பிராங்க் ஹார்ன்பி, 1916இல் 'மெக்கானோ மாகசின்' என்ற சிற்றிதழைத் தொடங்கினார். முதலிதழ் நான்கே பக்கம். 1920இல் அவர் சாவி கொடுத்தால் ஓடும் ரெயில்களையும் விற்கத் தொடங்கினார். அதன்பின் அந்த இதழ் ஆங்கிலேயர் குடியேறிய தேசமெல்லாம் சென்றது. 1925இல் மார்ஷலே 'மாடல் ரெயில்வே நியூஸ்' என்று மற்றொன்றைத் தொடங்கினார். இவற்றை விரித்துரைக்க இடமில்லை. ஒருவரை மட்டும் விட்டுச் செல்ல மனம் வரவில்லை.

அவர் தம் பெயரைச் சொல்லிக்கொள்ளாமல் 'எல்.பி.எஸ்.சி.' என்ற நான்கெழுத்தில் எழுதியவர். லண்டன், பிரைட்டன் அண்டு சவுத் கோஸ்ட் என்ற ரெயில் கம்பெனியில் வேலை பார்த்தவராதலால், அந்தக் கம்பெனியின் முதலெழுத்துகளையே புனைபெயராய்ச் சூடிக்கொண்டார். கடைகளில் விற்ற சிறு எஞ்சின்கள் ஸ்பிரிட் விளக்கில் எரிந்து, பெட்டிகளை ஏதோ ஒப்புக்கு இழுத்த காலம் அது. உண்மை எஞ்சினைப் போலவே நிலக்கரியை எரிக்கும் கொதிகலனைச் சிறிய அளவிலும் செய்ய முடியும், அது உயிருள்ள மனிதனையே உட்காரவைத்து இழுக்கும் என்று இவர் வாதிட்டார். பெரிய வணிகர்களும் பட்டம் பெற்ற பொறியாளர்களும் எதிர்வாதம் செய்தனர். இரண்டரை அங்குல அகலப் பாதையில் ஓடும் தம் 'ஆயிஷா' என்னும் எஞ்சினை ஓட்டிக் காட்டி அவர்கள் வாயை அடைத்தார். அதன் பின்னர் 'மாடல் எஞ்சினியர்' இதழில் நாற்பதாண்டுக்கு மேல், பக்கத்து மேடையில் நிற்கும் கூட்டாளியிடம் பேசுவது போன்ற நடையில், எஞ்சின் செய்யும் முறைகளை எழுதிக்கொண்டே இருந்தார். கல்லூரி வாசலை மிதியாத தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர் அவர் எழுத்தைப் படித்துத் தம் வீட்டுக் கொல்லையில் எஞ்சின் செய்தனர். 1967இல் அவர் காலமானார். கைத்தொழில் தெரிந்தவன் எழுதவும் கற்றுக்கொண்டால் என்ன நிகழும் என்பதற்கு அவரினும் சிறந்த சான்று நாம் கண்டதில்லை. நம் சுரங்கத்தில் எத்தனை ஃபிட்டர்கள், எத்தனை டர்னர்கள் இருந்தனர்! அவருள் ஒருவராவது எழுதி வைத்திருந்தால் என்று ஏங்குகிறோம்.

அமெரிக்காவுக்குச் செல்வோம். 1929இல் அந்நாட்டில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியை அன்பர்கள் படித்திருப்பர். தொழிற்சாலைகள் மூடின; கஞ்சிக்கு வரிசை நின்றது. 2001 பிப்ரவரி 28ஆம் நாளுக்குப் பிறகு நம் ஊர் இருந்த நிலையை ஒரு தேசம் முழுமைக்கும் விரித்துப் பார்த்தால் ஓரளவு விளங்கும். அக்காலத்தில் மில்வாக்கி நகரில் பொறியியல் படித்துவிட்டு வெளியே வந்த இளைஞர் ஆல் கால்ம்பாக். வயது இருபத்து மூன்று. சிறு அச்சு இயந்திரம் ஒன்று வைத்துச் சில்லறை அச்சு வேலை செய்து பிழைத்துவந்தார். பொம்மை ரெயில் செய்வதில் அவருக்குத் தீராத மோகம். பெற்றோர் வீட்டிலேயே அச்சிட்டு, 1934 சனவரி என்று தேதியிட்டு 'மாடல் ரெயில்ரோடர்' என்ற இதழை வெளியிட்டார். ஊரெல்லாம் வேலையற்றுக் கிடக்கும்போது விளையாட்டுப் பத்திரிகையை எவன் காசு கொடுத்து வாங்குவான் என்று கேட்டவர்கள் இருந்திருப்பர். வாங்கினார்கள். வேலை இல்லாதவனிடம் பணம் இல்லை, நேரம் இருந்தது. கையில் மரத்துண்டும் கத்தியும் இருந்தன. விலை கொடுத்து வாங்கமுடியாததைச் செய்துகொள்ளும் வழியை அந்த இதழ் சொல்லிற்று.

மறு ஆண்டு, 1935இல், அதே மில்வாக்கியில் பொம்மை ரெயில் ஆர்வலர்களின் தேசிய சங்கம் ஒன்று உருவாயிற்று. கால்ம்பாக்குக்கு அதில் பெரும் பங்குண்டு. சங்கம் என்றதும் நம் சங்கம்போல் பேச்சும் பாட்டும் என்று எண்ணிவிடலாகாது. அவர்கள் கூடிய காரணம் சக்கரம். ஒரு கம்பெனி செய்த எஞ்சின் மற்றொரு கம்பெனியின் தண்டவாளத்தில் ஓடாது. ஒருவருடைய பெட்டியின் கொக்கி மற்றவருடைய பெட்டியில் மாட்டாது. சக்கரத்தின் விளிம்பு எவ்வளவு, இரு சக்கரங்களுக்கு இடையே தூரம் எவ்வளவு என்பனவற்றை ஒரே அளவாய் நிறுத்த அவர்கள் முயன்றனர்.

இதன் அருமை பங்காரப்பேட்டையை அறிந்தவர்க்கு நன்கு விளங்கும். 1894 முதல் பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை வந்த நம் பாதை ஐந்தடி ஆறங்குல அகலம். 1913இல் அதே பங்காரப்பேட்டையிலிருந்து கோலாருக்குப் போட்ட பாதையோ இரண்டடி ஆறங்குலம். ஒன்றில் வந்த மூட்டை மற்றொன்றில் ஏறவேண்டுமானால் மனிதன் முதுகில் ஏறித்தான் ஏறவேண்டும். எத்தனை முதுகுகள்! அளவு ஒன்றாயிருந்தால் எவ்வளவு மிச்சம் என்பதை அங்கே மூட்டை சுமந்தவர்களைக் கேட்டால் சொல்லுவர். பொம்மை ரெயில்காரர்கள் அந்தப் பாடத்தை 1935இலேயே படித்துக்கொண்டனர். பின்னாளில் ஒரே தண்டவாளத்தில் பல எஞ்சின்களைத் தனித்தனியே மின்குறிப்பால் இயக்கும் முறை வந்தபோதும், அதற்கும் அச்சங்கமே பொது அளவு வகுத்தது.

கோலார் போகும் அந்தச் சிறு ரெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. அது கோலாரைக் கடந்து சிக்கபள்ளாப்பூர் வழியாக நந்திமலை அடிவாரத்துக்கும் சென்றது. அந்த மலைக்கோட்டைக்குத்தான் நந்திதுர்க் என்று பெயர். அந்தப் பெயரைத்தான் நம் சுரங்கத்துக்கு வைத்தனர். அதுவே நம் காலனியின் பெயருமாயிற்று. நந்திதுர்க்கில் பிறந்து வளர்ந்தும் நந்திதுர்க்கைப் பார்த்தறியாதவர் நம்மில் பலர். நாமும் அவர்களுள் ஒருவராய் நாற்பது வயது வரை இருந்தோம். சிறு பாதை போய்விட்டது. கோலாருக்கும் சிக்கபள்ளாப்பூருக்கும் இடையே அகலப்பாதை 2013இல் திறக்கப்பட்டது.

விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். பத்திரிகை வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும், உலோகப் பொம்மைகள் செய்வது 1942இல் நிறுத்தப்பட்டது. லயனல் என்ற பெரிய கம்பெனி 1943ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குக் காகித அட்டையால் ஆன ரெயிலை விற்றதென்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். விற்கச் சரக்கில்லாத நிலையில் விளையாட்டே நின்றுபோகவேண்டியதுதானே? நிற்கவில்லை. 1944இல் 'மாடல் ரெயில்ரோடர்' நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பிராங்க் எல்லிசன் என்பவருடைய தொடர் கட்டுரைகளை வெளியிட்டது. அவர் சொன்ன கருத்து புதுமையானது. மேசைமேல் வட்டமாய்த் தண்டவாளம் போட்டு ரெயிலைச் சுற்றிச் சுற்றி ஓடவிடுவது குழந்தை விளையாட்டு. உன் மேசை ஒரு நாடகமேடை, ரெயில்கள் நடிகர்கள், டைம்டேபிள்தான் கதை. ஒரு வண்டி எங்கிருந்து, எதை ஏற்றிக்கொண்டு, யாருக்காகப் போகிறது என்று சொல்லத் தெரியாதவனுக்கு ரெயில் ஓட்டும் இன்பம் தெரியாது. இதைப் படித்தபோது நாம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றோம். இருபதாண்டுக்கு மேல் நாம் செய்துவரும் வேலையை ஒருவர் நாடகம் என்கிறார்! நம் மேலதிகாரிகள் எவரும் அப்படிச் சொன்னதில்லை.

இதற்கிடையில் ஒரு கிளைக்கதை. 1946இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்விக்கழக மாணவர்கள் பொம்மை ரெயில் சங்கம் ஒன்று தொடங்கினர. மேசைக்கு மேலே ரெயிலும் ஊரும். மேசைக்குக் கீழே சிக்னலையும் பாயின்டையும் இயக்கும் மின்கம்பிக் காடு. கீழே படுத்துக்கிடந்த மாணவர்கள் பின்னர் கணிப்பொறியின்பால் சென்றனர். கணிப்பொறி உலகில் இன்று உலவும் 'ஹேக்கர்' என்ற சொல்லுக்குப் புதுப்பொருள் அந்த ரெயில் சங்கத்துப் பேச்சிலிருந்தே பிறந்தது. காலை வண்டியில் பெங்களூருக்குக் கணிப்பொறி வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

'மாடல் ரெயில்ரோடர்' இதழால் உலகறிந்தவருள் தலையானவர் ஜான் ஆலன். கலிபோர்னியாவில் மான்டரே என்னும் ஊரினர். தொழில் புகைப்படம் எடுத்தல். வீட்டின் கீழ்த்தளம் முழுவதையும் மலையும் பள்ளத்தாக்குமாய் மாற்றினார். தரையிலிருந்து கூரை வரை மலை எழும், இடையே பாலங்கள், கண்ணாடிகளை மறைத்து வைத்துச் சிறிய இடத்தைப் பெரிதாகக் காட்டுவார். அக்காலத்தில் எல்லோரும் பொம்மைப் பெட்டிகளுக்குப் பளபளவென்று வண்ணம் தீட்டினர். இவரோ துருவும் கரியும் புழுதியும் பூசினார். ரெயிலை அறிந்தவர் யார்தான் பளபளக்கும் கூட்ஸ் வண்டியைக் கண்டிருக்கிறார்? ஆயினும் இவர் நகைச்சுவை உணர்ச்சி உடையவர். தம் ரெயில்வேக்கு வைத்த பெயரை உரக்கப் படித்தால், அடிபட்டு இரத்தம் சிந்தித் தோற்றது என்று ஆங்கிலத்தில் ஒலிக்கும். எஞ்சினுக்குப் பதிலாகப் பழங்கால மிருகமாகிய டைனோசர் ஒன்றை வைத்து, எம்மா என்று பெயரிட்டு, ஷன்டிங் வேலைக்கு விட்டார்! பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளி உரிய இடத்தில் சேர்க்கும் ஒரு புதிர் விளையாட்டையும் 1972இல் அவர் இதழுக்கு எழுதினார். சிறிதளவு தண்டவாளத்தில் சில பெட்டிகள். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார் என்பது போட்டி. யார்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் அதன் படத்தைக் காட்டினோம். மேசைமேல் தீப்பெட்டிகளை நகர்த்தி மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு, "இதுக்கா புஸ்தகம் போட்டான் வெள்ளைக்காரன்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

1973 சனவரியில் ஜான் ஆலன் மாரடைப்பால் இறந்தார். சில நாட்களுக்குள்ளேயே அவர் வீட்டில் தீப்பற்றி அந்த மலையும் பாலமும் பெரும்பாலும் வெந்து சாம்பலாயின. அவர் உயிரோடு இருந்த காலத்தில் இதழில் வந்த படங்களும் கட்டுரைகளுமே எஞ்சின. நெடுங்காலம் அவ்விதழின் ஆசிரியராயிருந்த லின் வெஸ்ட்காட் அவற்றைத் தொகுத்து நூலாக்கினார். நூல் 1981இல் வெளிவந்தபோது வெஸ்ட்காட்டும் உயிரோடில்லை. ஆலனின் ரெயில்வே எரிந்து ஐம்பதாண்டாகியும், அதன் ஸ்டேஷன்கள் எந்த வரிசையில் வரும் என்று சொல்லக்கூடியவர்கள் உலகில் இருக்கின்றனர். நம் பாதையில் கோரமண்டல், ஊரகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? தெரியும் என்று நம்புகிறோம்.

இங்கிலாந்துக்குத் திரும்புவோம், நம் பழைய பேப்பர் கடை இதழின் ஊர் அது. 'ரெயில்வே மாடலர்' 1949 அக்டோபரில் தொடங்கியது. பொம்மைத் தண்டவாளம் செய்யும் பீக்கோ கம்பெனியின் சிட்னி பிரிச்சர்ட் என்பவர் சிறிது காலத்தில் அதை வாங்கிக்கொண்டார். இன்றும் அது டெவன் மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள பீர் என்ற ஊரிலிருந்து வெளிவருகிறது. ஊரின் பெயர்தான் அது; அன்பர்கள் வேறொன்றும் நினைக்கவேண்டா. சிரில் ஃப்ரீசர் என்பவர் 1950 முதல் 1978 வரை அதன் ஆசிரியர். பெரும் பங்களாவும் பெரிய கூடமும் இல்லாத சாதாரண மனிதனே அவர் மனத்தில் இருந்த வாசகன். ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவன் கட்டிலுக்கடியில் தள்ளி வைக்கக்கூடிய ரெயில்வே, அலமாரித் தட்டில் அடங்கும் ரெயில்வே என்று திட்டம் திட்டமாய் வரைந்து தந்தார். 1957இல் அவர் வரைந்த 'மினரீஸ்' என்னும் நகரத்து முனையத்தின் படத்தைப் பின்பற்றி இன்றும் பலர் செய்துவருகின்றனர். நம் லைன் வீடுகளின் அளவை அவரிடம் சொல்லியிருந்தால், அதற்கும் ஒரு திட்டம் வரைந்து தந்திருப்பார் என்றே தோன்றுகிறது.

1963 மார்ச்சில் பீச்சிங் என்ற அதிகாரியின் அறிக்கை வந்தது. வருமானம் இல்லாத கிளைப்பாதைகளை மூடவேண்டும் என்றார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்கள் மூடத்தக்கவை எனப் பட்டியல் இட்டார். பெரும்பாலானவை மூடப்பட்டன. தண்டவாளம் பெயர்ந்தது, கட்டடம் இடிந்தது, பாதை இருந்த இடத்தில் புல் முளைத்தது. அப்போதுதான் இந்தப் பொம்மை ரெயில் இதழ்களின் பெருமை வெளிப்பட்டது. எவரோ ஓர் ஆர்வலர் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய், டேப் பிடித்து அளந்து, வரைந்து, இதழுக்கு அனுப்பி வைத்திருந்த ஸ்டேஷன் படங்கள் இப்போது சரித்திர ஆவணங்களாயின. நாடு மறந்த ஸ்டேஷனின் ஜன்னல் எத்தனை அங்குலம் என்பது பொம்மை செய்பவனுக்குத் தெரிந்திருந்தது.

ராய் இங்கிலாந்து என்ற ஆஸ்திரேலியர் ஒருவர் இதற்கு முன்பே இப்படி ஒரு காரியத்தில் இறங்கியிருந்தார். அவர் 1925இல் இங்கிலாந்துக்கு வந்தவர். கூரை வேய்ந்த பழங்குடில்கள் ஒவ்வொன்றாய் மாறி அழிவதைக் கண்டு மனம் பொறாது, அவற்றை அளந்து அட்டையால் அவ்வாறே செய்து வைக்கத் தலைப்பட்டார். 1954இல் லாங் விட்டன்ஹாம் என்ற சிற்றூரில் பெண்டன் என்ற காட்சிசாலையை நிறுவினார். அங்கே ஒரு பள்ளத்தாக்கின் குடில்களும் வயல்களும் ரெயில்களும் அறைக்குள் இருக்கின்றன. அவற்றுள் பல வெளியே இல்லை.

நம் தேசத்தில் இத்தகைய முயற்சி அரிது. பூனாவில் ஜோஷி என்னும் பெரியார் வாழ்நாள் முழுதும் சேர்த்தும் செய்தும் வைத்த சிறு ரெயில்களின் காட்சிசாலை 1998இல் திறக்கப்பட்டது. பூனா செல்பவர் பார்த்துவரலாம். தமிழில் இப்பொருள் பற்றிய பத்திரிகை எதனையும் நாம் கண்டதில்லை. ஆசை கொண்டவர்க்குத் தடையாயிருப்பது இன்னொன்று, நம் தண்டவாளத்தின் அகலம். உலகெங்கும் பெருவழக்கான சிறு அளவு, உண்மையில் 87இல் ஒரு பங்கு. கடையில் விற்கும் தண்டவாளம் பதினாறரை மில்லிமீட்டர். அது வெள்ளைக்காரன் நாட்டுப் பாதைக்கு ஒத்த கணக்கு. நம் ஐந்தடி ஆறங்குலத்தை 87ஆல் வகுத்தால் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் வரும். அப்படித் தண்டவாளம் கடையில் கிடையாது. சொந்தக் கையால்தான் செய்துகொள்ளவேண்டும். ஆனால் ஒரு விந்தை! கோலார் சிறு பாதையின் இரண்டடி ஆறங்குலத்தை 87ஆல் வகுத்தால் 9 மில்லிமீட்டருக்குச் சற்றே குறையும். 9 மில்லிமீட்டர்த் தண்டவாளம் கடைதோறும் உண்டு. மறைந்துபோன நம் சிறு ரெயிலைச் செய்வதுதான் எளிது என்று இதனால் தெரிகிறது.

2024இல் கால்ம்பாக் கம்பெனி தன் ரெயில் பத்திரிகைகளை மற்றொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. வாசகருக்கு வயதாகிறது, இளைஞர் வருவதில்லை என்ற கவலை அவ்விடத்தும் உண்டு. சந்தா வசூல் செய்யும் நம் சங்கத்துப் பொருளாளருக்கு அந்தக் கவலை புதிதன்று. 1934 முதல் வந்த இதழ்களெல்லாம் இன்று கணிப்பொறியில் படிக்கக் கிடைக்கின்றன. இரவில் அவற்றுள் சிலவற்றைப் படித்தே இக்கட்டுரையின் பெரும்பகுதியை எழுதினோம்.

கடைசியாக ஒன்று. அது பத்திரிகை வரலாறு அன்று. ஆனால் அதனால் வந்தது.

1991இல் அந்த இதழைப் பார்த்த மறுநாளே நமக்கும் ஏதாவது அளந்து வரையவேண்டும் என்ற வெறி பிறந்தது. ஸ்டேஷனை அளக்கப் போனால் விரட்டுவார்கள். எம் தந்தையார் நந்திதுர்க் சுரங்கத்தில் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். தண்டவாளத்தின்மேல் கல் ஏற்றிய ட்ரக்கைத் தள்ளுவார்கள் என்று அவர் சொல்லிக் கேட்டதுண்டு. ஷிப்டு முடிந்து வந்து, குளித்து, தட்டிக்கு வெளியே அமர்ந்திருந்தவரிடம் பென்சிலும் தாளுமாய்ப் போய் நின்று, "நைனா, அந்த ட்ரக்கு எவ்ளோ அகலம்?" என்று கேட்டோம். அவர் இரு கைகளையும் விரித்து, "இம்மாம் இருக்கும்" என்றார். அங்குலத்தில் சொல்லவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தோம். டேப் எடுத்துப் போய் அளந்து வரச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டார். "நாளைக்கு அளந்தா போச்சு. ட்ரக்கு எங்கடா போயிடப் போவுது?"

நாமும் விட்டுவிட்டோம். அடுத்த பத்தாண்டு அவர் நாள்தோறும் இறங்கி ஏறினார். நாம் ஒருநாளும் மீண்டும் கேட்கவில்லை. 2001இல் சுரங்கம் மூடியது. நீர் இறைக்கும் இயந்திரங்கள் நின்றதும் கீழே தண்ணீர் ஏறிவிட்டது. தந்தையார் 2009இல் காலமானார். அவர் கை விரித்த அகலம் நம் கண்ணில் நிற்கிறது. ஆனால் அன்று பதினொரு வயதுக் கண். அது அளவாகாது.

சென்ற ஆண்டு முதல் அந்த ட்ரக்கைப் பன்னிரண்டில் ஒரு பங்காக அட்டையில் செய்யத் தொடங்கியுள்ளோம். நம் லைனில் பூமிக்கடியில் வேலை பார்த்த பெரியவர் மூவரைக் கேட்டோம். ஒருவர் தண்டவாளம் பதினெட்டு அங்குலம் என்றார். இன்னொருவர் இருபது என்றார். மூன்றாமவர் இருவரையும் பார்த்து, நீங்கள் வேலை செய்த லெவல் வேறு, நான் வேலை செய்த லெவல் வேறு, எனக்குத் தெரிந்து இரண்டடி என்றார். பேச்சு சற்றுச் சூடாகி, அவருடைய மருமகள் தேநீர் கொண்டுவந்து வைத்த பிறகே தணிந்தது. பெட்டியின் உயரத்தில் மூவரும் ஒத்துப்போகின்றனர், தள்ளுகிறவன் மார்பளவு. எந்த மார்பளவு என்று கேட்கவில்லை.

ஆண்டு விழா அன்று மண்டபத்தின் வாயிலருகே, மலர் விற்கும் மேசையின் ஓரத்தில் அந்த அட்டை ட்ரக் இருக்கும். சக்கரம் இன்னும் மாட்டவில்லை. ஒரு டேப்பும் பக்கத்தில் இருக்கும். ட்ரக்கைத் தள்ளிய பெரியோர் வந்து கையை விரித்துக் காட்டினால் போதும். டேப்பை நாம் பிடித்துக்கொள்கிறோம்.